முன்பக்க இடது கதவு

எங்கள் விமான நிறுவனத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்களிடம் இருப்பது மொத்தம் பதினொரு விமானங்கள்தான். பெரிய நாடுகளின் நிறுவனங்கள் ஒரே காலையில் பறக்கவிடுவதை நாங்கள் ஒரு வாரம் முழுக்கப் பறந்தாலும் எட்ட முடியாது. இருக்கட்டும். அந்தப் பதினொன்றின் வாலிலும் நாட்டுக் கொடி இருக்கிறது. அந்தக் கொடியோடு ஐம்பது வருடமாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறோம். இந்தத் தொழிலில் திரும்பி வருவதுதான் பெரிய விஷயம். கிளம்பிப் போவது யாராலும் முடியும்.

நான் விமானப் பணிப்பெண். பத்தொன்பது வருட சர்வீஸ், கடைசி ஆறு வருடம் கேபினுக்குத் தலைமை. அம்மா அதே நிறுவனத்தின் சமையற்கூடத்தில் முப்பத்தொரு வருடம் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கியவள். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் சித்தப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"அம்மா தட்டு அடுக்கினா, பொண்ணு தட்டு தூக்கறா. குடும்பத் தொழில்ல!"

தட்டு தூக்குவது என் வேலையில் கால்வாசிகூட இல்லை. தீப்பிடித்தால், கீழே விழுந்தால், தண்ணீரில் இறங்கினால், தொண்ணூறு விநாடிக்குள் அத்தனை பேரையும் வெளியேற்றுவதுதான் என் வேலை. அது நடக்காத நாட்களில் காபியும் கொடுக்கிறோம். இதைச் சித்தப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் மண்டையில் ஏறவில்லை.

இந்த வருடம் நிறுவனத்துக்கு ஐம்பது வயது. முதன்முதலில் பறந்த அதே பாதையில், அதே தேதியில், ஒரு சிறப்பு விமானம் விடுவதென்று முடிவானது. அன்று அது இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம். இருபத்தெட்டு இருக்கை, ஒன்பது பயணிகள், மீதி இடத்தில் தபால் மூட்டைகள். பக்கத்து நாட்டுத் துறைமுக நகரத்துக்குப் போய் இறங்கியபோது, இதுவும் ஒரு விமானமா என்று அங்கே சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டபோதெல்லாம், நான் பிறப்பதற்கு முன்பு நடந்ததென்றாலும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓய்வு பெற்ற ஊழியர்களில் நாற்பது பேரைக் குலுக்கலில் எடுத்து அந்த விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதாக அறிவித்தார்கள். அம்மாவுக்குப் பன்னிரண்டாம் வரிசையில் ஜன்னலோர இருக்கை விழுந்தது. ஒரு வாரம் கழித்து, அந்த விமானத்தின் கேபினுக்கு நான்தான் தலைமை என்று பட்டியல் வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் கால் தரையில் பாவவில்லை.

அம்மா அதுவரை விமானத்தில் ஏறியதே கிடையாது. ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை இருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது: அப்பாவின் உடம்பு, தம்பியின் பரீட்சை, வீடு மாறியது. முப்பத்தொரு வருடம் விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றி அனுப்பிவிட்டு, வேலி ஓரமாக நடந்து போய்ப் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தவள்.

"நான் மூடின மூடியெல்லாம் யாரு, எப்படித் திறக்கறாங்கன்னு ஒரு தடவை பாக்கணும்டி," என்றாள். "எனக்கு நீதான் தட்டு கொண்டு வந்து வைக்கணும். வேற யாரும் வச்சா தொட மாட்டேன்."

"நானே வைக்கறேன். 'அம்மையாருக்குக் காபியா, டீயா'ன்னு கேட்டுட்டு வைக்கறேன்."

"காபி. ஆனா உங்க காபி வேணாம். அதுல என்ன போடறாங்கன்னு எனக்குத் தெரியும்."

புதுச் செருப்பு வாங்கி, கால் கடிக்கக் கூடாதென்று கூடத்துக்கும் அடுக்களைக்குமாக அதைப் போட்டுக்கொண்டே நடந்து பழகினாள். நான் கேபினின் தலைவியாக நிற்க, அம்மா பயணியாக உட்கார்ந்திருப்பாள். வாழ்க்கையில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நாள்தான் என்று அப்போது தோன்றியது. வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. அன்று ஞாயிறு.

ஞாயிறு மதியம் ஒரு சாதாரண விமானத்தில் வந்து இறங்கினோம். நூற்று நாற்பது பயணிகள். முன்பக்க இடது கதவு என் பொறுப்பு. எதிரே முன்பக்க வலது கதவு கொக்கின் பொறுப்பு. கொக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். நல்ல உயரம், ஒடிசலான உடம்பு, நிற்கும்போது ஒரு காலை மடக்கிக்கொள்ளும் பழக்கம். பன்னிரண்டு வருடமாக என்னோடு பறக்கிறாள்.

கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு ஸ்லைடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்து நேரத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கு. கதவில் இருக்கும் ஒரு லீவர் கீழே இருந்தால் ஸ்லைடு விழித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் உள்ளிருந்து கதவைத் திறந்தால், ஒரு வண்டி நீளத்துக்கு அது வாயு அடைத்துக்கொண்டு வெளியே பாயும். எதிரே நிற்பவரைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் விமானம் வந்து நின்றதும் லீவரை மேலே தூக்கி ஸ்லைடைத் தூங்க வைக்க வேண்டும். பிறகு நான் கொக்கின் லீவரைப் பார்க்க வேண்டும், கொக்கு என் லீவரைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் கட்டை விரலைக் காட்டிய பிறகுதான் கதவு திறக்கும். சாப்பிடும் முன் கை கழுவுவதுபோல, யோசிக்காமல் செய்கிற காரியம் இது. யோசிக்காமல் செய்வதுதான் அதில் உள்ள ஆபத்தும்.

விமானம் நின்றது. மைக்கில் கதவு உத்தரவைச் சொன்னேன். லீவரை நோக்கிக் கையை நீட்டினேன். அந்த விநாடியில் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து மேலே இருந்த பெட்டியை இழுத்தார். கீழே கைக்குழந்தையோடு ஒரு பெண். நான் பாய்ந்து போய்ப் பெட்டியைப் பிடித்தேன், அவரை உட்கார வைத்தேன், இரண்டு வார்த்தை அழுத்தமாகச் சொன்னேன். திரும்பி வந்தபோது கொக்கு கட்டை விரலைக் காட்டினாள். நானும் காட்டினேன். வெளியே தட்டினார்கள், டக் டக். கை தானாகவே கதவின் பிடிமேல் போய் அதைத் தூக்கியது.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் வெள்ளை விளக்கு எரிந்தது. ஸ்லைடு விழித்திருக்கிறது.

பிடியை அப்படியே கீழே அழுத்தினேன். லீவரைத் தூக்கினேன். கதவைத் திறந்தேன். மொத்தம் மூன்று விநாடி இருக்கும். வெளியே தரைப்பணியாளர் வழக்கம்போலப் புன்னகை செய்தார். அவர் பக்கத்தில், கதவுக்கு நேர் எதிரே, காலிச் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி அதைத் தள்ளும் அம்மாள் நின்றிருந்தாள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பது பேருக்கும் சிரித்துச் சிரித்து வணக்கம் சொல்லி அனுப்பினேன். ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை.

கடைசிப் பயணி இறங்கியதும் திரையை இழுத்துவிட்டு கொக்கிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் பாத்தேன்க்கா."

"பாக்கல. கட்டை விரலைத்தான் காட்டின."

"பழக்கத்துல காட்டிட்டேன்," என்றாள். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுவும் ஆகலையேக்கா. நீங்கதான் பாத்துட்டீங்களே. யாருக்கும் தெரியாது."

"மஞ்சள் சீட்டு எழுதணும்."

"வியாழக்கிழமை?" என்றாள். "அம்மா வர்றாங்கல்ல?"

மஞ்சள் சீட்டு எங்கள் நிறுவனத்தின் பெருமை என்று நான் பயிற்சி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் எங்கள் விமானம் ஓடுபாதையை விட்டு வழுக்கிச் சேற்றில் நின்றது. பின்கதவைத் திறந்தார்கள், ஸ்லைடு வரவில்லை. லீவர் பாதியில் சிக்கியிருந்தது. அது இரண்டு வாரமாகச் சிக்குவது அந்தக் கதவுக்குரிய பணிப்பெண்ணுக்குத் தெரியும். சொன்னால், நீதான் கெடுத்தாய் என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. பயணிகள் உயரத்திலிருந்து குதித்தார்கள். பதினேழு பேருக்குக் கால் முறிந்தது. உயிர் ஒன்றும் போகாதது யார் செய்த புண்ணியமோ. அதன் பிறகு வந்ததுதான் மஞ்சள் சீட்டு. தன் தவறைத் தானே எழுதிக் கொடுப்பவருக்குத் தண்டனை இல்லை. பெயர் வெளியே வராது. ஆனால் கதவுத் தவறு என்றால் மறுபயிற்சி முடித்துத் தேர்வில் தேறும்வரை பறக்க முடியாது. அதற்கு ஐந்து நாள்.

ஞாயிறும் ஐந்து நாளும். விரல் விட்டு எண்ணத் தேவையே இல்லை.

பொய் சொல்ல மாட்டேன், ஊழியர் அறையில் அரைமணி நேரம் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை எழுதினால் என்ன என்றுகூட யோசித்தேன். ஐந்து நாள் தள்ளிப்போட்டால் யார் குடி முழுகிவிடும்? ஆனால் அந்த ஐந்து நாளில் எங்கள் கதவுகள் எத்தனை முறை திறக்கும்? எத்தனை பேர் என்னையும் கொக்கையும்போல வெறும் கட்டை விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்? கொட்டாவி விட்ட அந்த அம்மாளின் திறந்த வாய் கண்முன் நின்றது. எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

கேபின் பாதுகாப்புத் தலைவரை நாங்கள் ரூல்தடி என்போம். ஆளும் நேராக இருப்பார், பேச்சும் நேராக இருக்கும். சீட்டை இரண்டு முறை படித்தார்.

"வியாழக்கிழமை விமானத்துக்கு நீங்கதானே?"

"ஆமா சார்."

"இனிமே இல்ல."

"தெரியும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீட்டைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடு. அடுக்களையில் வைத்துச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"நீ எழுதலைன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன எழவுக்குடி எழுதின?" என்று கத்தினாள். "பெரிய அரிச்சந்திர வம்சம்! நீ இல்லாத பிளேன்ல எனக்கென்ன வேலை? யாரோ ஒருத்தி வந்து என் முன்னாடி தட்டு வைப்பா, நான் ஈன்னு இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

எனக்கும் கோபம் வந்தது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்று நானும் கத்தினேன். அப்போது அழுகையும் வந்து தொலைத்தது. அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா போன் செய்தார். செய்தி எப்படித்தான் அவர் காதுக்குப் போகுமோ. "உன் பொண்ணை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாமே?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அம்மா பதில் சொல்லாமல் போனை வைத்தாள். அவள் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் முறை. என்னோடும் பேசவில்லை. வியாழக்கிழமை விடியற்காலையில் தானே கிளம்பி, தானே வண்டி பிடித்து, விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். அவள் போனது தெரிந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

மூன்று நாள் தனியாகப் பாட வகுப்பு முடிந்து, அன்றுதான் நான் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அங்கே தரையில் பொருத்திய பொய்க் கேபின் ஒன்று இருக்கிறது: பத்து வரிசை, நான்கு கதவு, இறக்கை இல்லை. உள்ளே போனால் கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ இங்க என்ன பண்றே? நீ போக வேண்டிய விமானம் இன்னும் அரைமணியில கிளம்பப் போகுது!"

"நானும் திங்கட்கிழமையே எழுதிட்டேன்க்கா. விரலைக் காட்டினது நான்தானே." பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உங்க மேல இன்னும் கோவம்தான்," என்றாள்.

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பயிற்சி நடத்த ரூல்தடி எதிரே நின்றிருந்ததால் கட்டிக்கொள்ளவில்லை.

ஆளுக்கு முப்பது முறை கதவைத் திறந்தோம். ஒவ்வொரு முறையும் அவர் ஏதாவது தொல்லை கொடுத்தார். பயணியாக எழுந்து நின்றார், பெட்டியைக் கீழே போட்டார், குழந்தைபோல அழுதுகூடக் காட்டினார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்தால் மறுபடி முதலிலிருந்து. இடையில் ஒருமுறை கூரைக்கு மேலே இரைச்சல் கேட்டது. மூவரும் நிமிர்ந்தோம். கூரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த இரைச்சல் முழுக்கத் தேயும்வரை யாரும் கையை அசைக்கவில்லை. பன்னிரண்டாம் வரிசையில் அம்மா எதைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் ரூல்தடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிக்கு விமானம் திரும்பி வருது. கதவுக்கு வெளிய நின்னு வரவேற்க ஆள் வேணும்னு கேட்டாங்க. வெளிய நிக்கறதுக்குத் தேர்வு ஒண்ணும் கிடையாது. வாங்க ரெண்டு பேரும்."

பத்தொன்பது வருடத்தில் நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்று காத்திருந்ததே இல்லை. விமானத்தோடு இணையும் கண்ணாடிப் பாலத்தின் முனையில் தரைப்பணியாளர், சக்கர நாற்காலி அம்மாள், கொக்கு, நான், எங்களுக்குப் பின்னால் ரூல்தடி. விமானம் மெல்ல வந்து நின்றது. மூக்கில் ஐம்பது என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தார்கள். நெஞ்சு விம்மியது, மறைக்க என்ன இருக்கிறது? இது எங்கள் விமானம். சிரித்தவர்கள் ஊருக்கு ஐம்பது வருடம் கழித்தும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

தரைப்பணியாளர் தட்டினார். டக் டக்.

கதவு திறக்கவில்லை.

சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். எனக்குப் பதிலாகப் போன பணிப்பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, லீவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கதவுக்காரி இரண்டடி எடுத்து வைத்து இந்தப் பக்கம் வந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். பிறகுதான் பிடிமேல் கை போனது.

"என்ன சார் இது?" என்றேன்.

"புது உத்தரவு," என்றார் ரூல்தடி பின்னாலிருந்து. "கையைக் கட்டிட்டுக் கண்ணால பாக்கணும், எதிர்க்கதவு ஆள் பக்கத்துல வந்து பாக்கணும். புதன்கிழமையிலிருந்து எல்லா விமானத்துலயும். திங்கட்கிழமை விசாரிச்சதுல ஒம்பது பேரு, நாங்களும் பாக்காம விரலைக் காட்டறதுண்டுன்னு ஒத்துக்கிட்டாங்க."

ஒன்பது பேர். பக்கத்தில் அந்த அம்மாள் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி, கதவுக்கு நேர் எதிரே, எதுவும் தெரியாமல் நின்றிருந்தாள்.

கதவு திறந்தது. வயதானவர்களை முதலில் இறக்கினார்கள். மூன்றாவதாக அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள். நான்கு நாளாகப் பேசாதவள் மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள்.

"ஏண்டி, அந்த ஊர்ல இறங்கும்போது இந்தப் பொண்ணு கையைக் கட்டிக்கிட்டு கதவு முன்னாடி நிக்கறா. என்னம்மா, கதவுக்குக் கும்பிடு போடறியான்னு கேட்டேன். இல்லம்மா, நம்மள்ல ஒருத்தங்க தன் தப்பைத் தானே எழுதிக் குடுத்தாங்க, அதனால வந்த உத்தரவுங்கறா. யாருன்னு கேட்டா, யாருன்னு எங்களுக்கே தெரியாது, ஆனா நல்ல தைரியம் வேணும்மாங்கறா."

"சரிம்மா, மெதுவா வா."

"இரு. திரும்பி வரும்போது பழைய ஆளுங்க ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசணும்னு மைக்கைக் குடுத்தாங்க. எல்லாரும் அந்தக் காலத்துல அப்படி, இந்தக் காலத்துல இப்படின்னு பேசினாங்க. என் முறை வந்துச்சு."

எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. "அம்மா. நீ என்ன பேசின?"

"முப்பத்தொரு வருஷம் உங்க தட்டை மூடினவ நான்னு சொன்னேன். அந்தக் கதவுச் சீட்டை எழுதினது என் பொண்ணுன்னு சொன்னேன். அதுக்காக இன்னைக்கு இந்த பிளேனையே விட்டுக் குடுத்துட்டு கீழ நிக்கறான்னு சொன்னேன்."

அம்மாவுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நகரவில்லை. கோட்டுப் போட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், தலைமை விமானி எல்லோரும் பாலத்தை அடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கொக்கு என் முழங்கையைக் கிள்ளினாள். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

ரூல்தடி தொண்டையைச் செருமினார். "அம்மா, சீட்டு எழுதினவங்க பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு. முப்பத்துமூணு வருஷமா யாரும் மீறினதில்ல."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"விதியெல்லாம் வேலையில இருக்கறவங்களுக்குத் தம்பி. நான் ரிட்டையர் ஆயிட்டேன்."